லோர்னா நகர்த்திய ஒரு சொல்

சரியாகச் செய்த வேலைக்காக ஒருவர் வெட்கப்பட வேண்டுமா? லோர்னா ஹெட்லண்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வருகிறது.

அமெரிக்காவின் டுலூத் நகரில் எங்கள் செய்தித்தாளின் பிழைதிருத்தும் மேசையில் அவள் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தாள். நான் அடுத்த நாற்காலி. அன்பானவள் என்று சொல்ல மாட்டேன். நிருபர்கள் அவளுக்கு அஞ்சியது 'ஒன்லி' என்ற ஓர் ஆங்கிலச் சொல்லால். தமிழில் 'மட்டும்' தனக்குரிய சொல்லை ஒட்டியே நிற்கும். இங்கே பேசுகிறவர்கள் 'ஒன்லி'யை வினைக்கு முன்னால் வீசிவிட்டுப் போவார்கள். அது எதைக் குறிக்கிறது என்று குரல் காட்டிக்கொடுக்கும். அச்சில் குரல் கிடையாது என்பாள் லோர்னா. பென்சிலால் அந்தச் சொல்லை வட்டமிட்டு, அம்புக்குறி இழுத்து, உரிய இடத்தில் கொண்டுபோய் வைப்பாள்.

1978 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிப் பேருந்து ஒன்று மேட்டுச் சாலையில் சறுக்கி, நின்றிருந்த காரில் மோதியது. ஒரு சிறுமிக்குக் கை முறிந்தது. நிருபர் கோர்டி பேருந்துக் கொட்டகைக்குப் போய் மெக்கானிக் ரெய்னோ நீமியிடம் பேசிவிட்டு வந்தான். நீமி திங்கள் தவிர மற்ற நாட்களில் எல்லாப் பேருந்துகளையும் பிரேக் உட்பட முழுக்கச் சோதிப்பவர். திங்கட்கிழமைகளில் வேறெதையும் தொடாமல் பிரேக்கை மட்டும் கழற்றிப் பார்ப்பவர். கோர்டி இரண்டையும் எழுதியிருந்தான். பக்கத்தில் இடம் போதாமல் முதல் வாக்கியத்தை வெட்டியது நான். மிஞ்சிய வாக்கியத்தில் 'ஒன்லி' வழக்கம்போல வினைக்கு முன்னால் நின்றது. லோர்னா அதைத் 'திங்கட்கிழமை'க்கு முன்னால் நகர்த்தினாள். நானும் பார்த்துத் தலையாட்டினேன்.

மறுநாள் ஊர் படித்தது இது: நீமி திங்கட்கிழமைகளில் மட்டும் பிரேக்கைச் சோதிப்பார்.

கோர்டி தாளை மேசையில் எறிந்தான். "ஏம்மா, என் வாக்கியத்துல எதுக்குக் கை வெச்ச?"

"'ஒன்லி' தப்பான இடத்துல நின்னுச்சு."

"தப்பான இடத்துல நின்னது உன் பென்சில்! ஒரு போன் பண்ணிக் கேட்டா தேஞ்சா போயிடுவ?"

ஞாயிறன்று இரண்டாம் பக்கத்தின் அடியில் இரண்டு வரித் திருத்தம் வந்தது. லோர்னாவே எழுதினாள். தவறு செய்தவர் பெயர் அதில் இல்லை.

திங்கட்கிழமை நீமி வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் முன்னால் நின்றார்.

"இதை மாத்துனது யாரு?"

கோர்டி தட்டச்சுப் பொறியின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சண்டைக்கு வரல. தெரிஞ்சுக்கலாம்னுதான். நேத்து சர்ச்சுல என் பக்கத்துல ஒருத்தனும் உக்காரல. காபி ஊத்துற பொம்பளை, 'இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சே ரெய்னோ, நாளைக்குத்தானே உனக்கு வேலை?'ன்னு சிரிக்கிறா."

"மேசையில நடந்த தப்பு, மிஸ்டர் நீமி," என்றாள் லோர்னா. "திருத்தம் போட்டுட்டோம்."

"மேசையா? மேசைக்குக் கை முளைச்சிருக்காம்மா?"

அவள் கழுத்து சிவந்தது. பென்சிலை மடியில் வைத்து மறைத்துக்கொண்டாள். வெட்டியது நான் என்று சொல்ல எனக்கும் நாக்கு எழவில்லை. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிரேக்கில் குறையில்லை, சாலையில் உறைந்த பனிதான் காரணம் என்று ஏப்ரலில் விசாரணை முடிவு வந்தது. அதற்குள் நீமி வேலையை விட்டு, ஊரையும் விட்டிருந்தார். அந்தச் செய்தியைத் திருத்தும் முறை லோர்னாவுக்கு வந்தது. ஓர் அம்புக்குறிகூட இழுக்காமல் அச்சுக்கு அனுப்பினாள்.

மறுநாள் ஆசிரியரிடம் போய், வரி விளம்பரப் பகுதிக்குத் தன்னை மாற்றச் சொல்லிக் கேட்டாள். தொலைபேசியில் ஆட்கள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்யும் வேலை. பள்ளிப் படிப்பு முடித்தவுடன் வருகிறவர்களுக்குக் கொடுப்பது. ஏன் என்று ஆசிரியர் கேட்டார், கோர்டி கேட்டான். நான் கேட்கவில்லை. ஓய்வு பெறும்வரை பதினொரு ஆண்டுகள் அங்கேயே இருந்தாள். பழைய படகு, பனிச்செருப்பு, தொட்டில் என்று விளம்பரம் கொடுப்பவர்கள் சொன்ன ஒவ்வொன்றையும், 'ஒன்லி' எங்கே விழுந்ததோ அங்கேயே வைத்து அடித்தாள்.