பெயர் சொன்னால் வந்து நிற்க வேண்டும்

ஒருவர் எழுதியதை நம்பி ஓர் ஊர் ஏரியில் வலை விட்டால், அது கணக்கில் சேருமா, சேராதா?

சென்னையில் அண்மையில் நடந்த ஒரு நேர்முகத் தேர்வு இந்தக் கேள்வியை என்னிடம் விட்டுச் சென்றது. தேர்வுக்குப் போனவள் என் கல்லூரித் தோழி ஜமீலா. பழவேற்காட்டு வணிகக் குடும்பத்துப் பெண். செல் உயிரியல் ஆராய்ச்சியாளர் — இறாலின் செவுளில் உள்ள செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதே அவளுடைய பல வருட உழைப்பு. பல்கலைக்கழகத்தில் ரீடர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தாள்.

குழுவில் இருந்த பெரியவர் அவளுடைய வெளியீட்டுப் பட்டியலைப் புரட்டியிருக்கிறார். கட்டுரைகள் குறைவு என்றாராம். சரி, இவற்றை இதுவரை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கேட்டாராம்.

"வெளிநாட்டில் இரண்டு பேர் சார். பசியாவரத்தில் ஓர் ஊர்."

சிரித்திருக்கிறார்கள். பட்டியலின் கடைசி வரியில் 'பசியாவரம் ஊர்க்கூட்டத்தில் வாசித்த தமிழ்க் குறிப்பு' என்று இருந்தது. அதை நீக்கிவிட்டுப் புதிதாக டைப் அடித்துக் கொடுங்கள், பரிசீலிக்கிறோம் என்று அன்பாகவே சொல்லி அனுப்பினார்கள்.

அந்த வரி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நானும் அவளோடு படகில் போனேன்.

பசியாவரம், பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் தீவு. அங்கே மீன்பிடி இடங்களைச் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அப்படிக் கிடைக்கும் இடத்துக்குப் பாடு என்று பெயர். அந்தப் பருவத்தில் தேசப்பன் என்பவருக்கு நல்ல பாடு விழுந்தது. விழுந்த நேரம்... வலையில் வந்த இறாலுக்கெல்லாம் செவுள் கறுத்திருந்தது. தொற்று வியாதி, அங்கே பிடித்ததைத் தொட மாட்டேன் என்றுவிட்டார் இறால் வாங்கும் ஏஜென்ட். மற்ற இடங்களுக்கும் பரவிவிடும் என்று ஊர் பயந்தது. அந்தப் பாடு பருவம் முழுக்க மூடப்பட வேண்டும் என்று பேச்சு. மூடினால் தேசப்பனின் முறை போயிற்று. இனி அப்படி ஓர் இடம் எப்போது விழும்?

தேசப்பன் ஜமீலாவின் அண்ணன் மூலம் அவளுடைய கட்டுரையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். கறுப்பு, வியாதி அல்ல, அழுக்குச் சேறு அடைத்துச் செல்கள் மடிவதால் வருவது, பரவாது. இதை ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார்.

"காத்துல வந்த பேச்சு இங்க செல்லாது நைனா" என்றார் ஊர்த் தலைவர். "யாரு சொன்னாங்க? பேரைச் சொல்லு."

அது அந்த ஊர் வழக்கம். பெயரைச் சொன்னால், பெயருக்கு உரியவர் நேரில் வந்து நிற்க வேண்டும். நம் ஆராய்ச்சிச் சஞ்சிகைகளில் மேற்கோள் காட்டப்பட்டவருக்குச் சேதிகூடப் போகாது. பசியாவரத்திலிருந்து ஜமீலாவைக் கூப்பிட ஆளே வந்துவிட்டது.

படகில் நான் புலம்பிக்கொண்டே போனேன். தவறாகிப்போனால் ஓர் ஊரின் பருவமே போய்விடும், உன் பெயரும் போய்விடும், யோசித்தாயா? யோசித்ததால்தான் போகிறேன் என்றாள்.

அவள் பேசி முடித்ததும், பக்கத்துப் பாடு வைத்திருந்தவர் எழுந்தார்.

"எந்த எறாவைப் பாத்து எழுதினம்மா?"

"ஆரம்பாக்கம் பக்கம் புடிச்சதுண்ணா."

"அப்ப ஆரம்பாக்கத்துல போயி சொல்லு. எங்க எறாவைப் பத்தி உன் கண்ணாடிக்கு இன்னா தெரியும்?"

கூட்டம் சிரித்தது. தேசப்பன் சிரிக்கவில்லை.

"நியாயந்தாண்ணா. இங்க பாக்கல. பாத்துட்டு சொல்றேன்."

"தப்பாப் போச்சுன்னா?"

"அதையும் நானே வந்து சொல்றேன்."

அந்தப் பதிலுக்காகவே, மூடும் முடிவை ஊர் தள்ளிவைத்தது. எல்லோரும் பார்க்கும்படி கறுத்த இறாலையும் நல்ல இறாலையும் ஒரே தொட்டியில் விட்டாள். நல்லது நல்லதாகவே இருந்தது. தெளிந்த தண்ணீரில் தனியே விட்ட கறுத்தவை, ஓடு கழற்றியபோது சுத்தமான செவுளோடு வந்தன. கேலி செய்தவர்தான் தினமும் முதல் ஆளாக எட்டிப் பார்த்தார். செல்களையும் சோதித்து, அவள் எழுதிய குறிப்பைக் கூட்டத்தில் வாசித்தாள். ஊர் ஏஜென்ட்டை வரவழைத்தது. சந்தேகம் இருந்தால் டாக்டரம்மாவையே கேட்டுக்கொள் என்றது. தேசப்பன் வலை விட்டார்.

வெளிநாட்டு மேற்கோள்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஜமீலாவும் பேச மாட்டாள் — கட்டுரையின் ரீபிரின்ட் கேட்டு வந்த அஞ்சலட்டைகளைப் பத்திரமாக வைத்திருப்பவள். ஆனால், எந்த இறால் என்று அவர்களில் யாரும் கேட்டதில்லையே? தவறானால் நீயே வந்து சொல்வாயா என்று எந்தத் தேர்வுக் குழு கேட்டிருக்கிறது?

ஒரு வரியை விட்டுக்கொடுத்தால் பதவி. பதவி இருந்தால் இன்னும் பல ஊர்களுக்கு உதவலாம். இதையும் இருவரும் உட்கார்ந்து எடைபோட்டோம்.

"அந்த வரியை அடிச்சுட்டேன்னு வை. நாளைக்கு தேசப்பண்ணன் என் பேரைச் சொன்னா, நான் எந்த மூஞ்சியோட அங்க போய் நிக்கிறது?" என்றாள்.

புதிய பட்டியல்தானே கேட்டார்கள்? டைப் அடித்துக் கொடுத்தாள்.

பதவி வேறொருவருக்குப் போயிற்று. ஜமீலா அடித்துக் கொடுத்த புதிய பட்டியலில் பசியாவரம்தான் முதல் வரி.