பூவரசுக்கு அடித்த தகடு

தனகோட்டிக்கு வாய் நீளம். அதனால் செஞ்சிக்கு வெளியே இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் மரம் பார்க்கிற பெண்கள் யாரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அவளும் யாரையும் கூப்பிட்டதில்லை. சிங்கவரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். பாத்தி கட்டுவாள், தண்ணீர் விடுவாள், சருகு கூட்டுவாள். மத்தியானம் பின்பக்கத்துப் பூவரசின் அடியில் சோற்றுத் தூக்கைத் திறப்பாள்.

அந்தப் பூவரசு அவள் கையால் நட்டது. பதினோரு வருஷத்துக்கு முன், புருஷன் செத்த சூட்டோடு இந்த வேலைக்கு வந்தவள், வேலிக்கு வெட்டிப் போட்டிருந்த குச்சிகளில் ஒன்றை எடுத்து ஊன்றினாள். இன்று அதன் நிழலில் நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம். படுக்க ஒருத்திதான் இருந்தாள். மகள் ஜெயசுதா ஓசூரில். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு, "சாப்டியாம்மா?" என்பாள். "சாப்டேன்" என்றதும் வைத்துவிடுவாள். மற்ற ஆறு நாள் ஆத்திரத்தையும் தனகோட்டி மரத்திடம்தான் திட்டித் தீர்த்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் மரங்களைக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட தகரத் தகட்டை ஆணியால் அடித்தார்கள். தகட்டைத் தொட்டால் வேலை கிடையாது என்று தோட்டப் பொறுப்பாளர் ஜெயராமன் சொல்லிவிட்டார். பூவரசில் ஆணி இறங்கிய இடத்தில் மஞ்சளாய்ப் பிசின் கசிந்தது. தனகோட்டிக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே களைக்கொத்தால் நெம்பி எடுத்துவிட்டு, காயத்தில் சாணி அப்பினாள். தகடு அவள் மோர்ச் சொம்புக்கு மூடியானது.

இந்த வைகாசியில் பூவரசின் மேல் சிவப்பு பெயிண்டில் பெருக்கல் குறி விழுந்தது.

"இன்னாத்துக்குய்யா இது?" என்று வாட்ச்மேன் விநாயகத்தைக் கேட்டாள்.

"இங்க ஹாஸ்டல் வருதுக்கா. நம்பர் இருக்கிற மரத்த வேரோட பேத்து வேற எடத்துல நடுவாங்க. நம்பர் இல்லாதது தானா மொளச்சதாம். நாளைக்கு வெட்டிடுவாங்க."

அன்று தூக்கைத் திறக்கவில்லை. தகட்டைக் கொடுத்தால் வேலை போகும். கொடுக்காவிட்டால் மரம் போகும். சொம்பு மூடியைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தாள்.

"உங்கிட்ட எப்டிம்மா வந்துச்சு இது?" என்றார் ஜெயராமன்.

"அதுக்குக் காலா இருக்குது? நான்தான் புடுங்கினேன். உங்க நெஞ்சுல ஆணி அடிச்சா சும்மா இருப்பீங்களா?"

அவர் தகட்டை மோந்து பார்த்து முகம் சுளித்தார். நோட்டைப் புரட்டினார்.

"இந்த நம்பர் தகடு காணோம், மரம் பட்டுப்போச்சுன்னு எழுதியிருக்குதே."

"எவன் எழுதுனது? ஒரு எட்டு வந்து பாத்துட்டு எழுதக் கூடாதா? காலையிலகூட பூத்து நிக்குது."

"உன்ன வேலைய விட்டே எடுக்கணும்."

"எடுங்க. மொதல்ல மரத்த வேரோட எடுங்க."

ஜெயராமன் வந்து பார்த்தார். நோட்டில் இருந்ததை அடித்துவிட்டார். மரம் பிழைத்தது. அவளுடைய வேலையும் போகவில்லை. ஆனால் அவளைக் கிழக்குக் கோடியில் இருக்கும் நாற்றுப் பண்ணைக்கு மாற்றிவிட்டார்.

பூவரசை முன் கேட்டுக்குக் கொண்டுபோனார்கள். கிளையெல்லாம் கழித்து, வேரை ஈரச்சாக்கில் சுற்றி, கிரேனில் தூக்கி இறக்கினார்கள். வெட்டுவாயில் தனகோட்டியே சாணி பூசினாள். அன்று முதல் மத்தியானம் ஒரு குடம் தண்ணீரோடு வளாகத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வருகிறாள். துளிருமா என்று யாருக்கும் தெரியாது.

"இன்னாக்கா, மொட்டக் கட்டைகிட்ட வெயில்ல நிக்கிற? உள்ள வந்து பேன்ல உக்காரு," என்றான் விநாயகம்.

"வெயிலுக்கு நீயா வாடகை குடுக்குற? போய் கேட்டப் பாரு."

அவன் போய்விட்டான். தகடு இப்போது கட்டையில் கயிற்றில் தொங்கியது. மூடியில்லாத சொம்பைக் கீழே வைத்து, நின்றபடியே சாப்பிட்டாள். போன ஞாயிறு ஜெயசுதா போனே போடவில்லை. அதை மரத்திடம் சொல்ல வாயெடுத்தாள். கேட்டில் பிள்ளைகள் கும்பலாகப் போய்க்கொண்டிருந்தார்கள். தனகோட்டி வாயை மூடிக்கொண்டாள்.