சாவிக்காரியும் பெரிய கதவும்

ஊரில் எல்லோரும் அவளைச் சாவிக்காரி என்றுதான் சொல்வார்கள். முந்நூறு வருடப் பழைய கல் தேவாலயத்தின் சாவி, அவள் அடுப்படியில் கரண்டிகளோடு கரண்டியாக ஆணியில் தொங்கும். வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்கள் நேராக அவள் வீட்டைத் தட்டுவார்கள். அடுப்பை அணைத்து, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, சாவியோடு முன்னால் நடப்பாள்.

நான் அங்கே போனது அவள் கணவரைப் பார்த்துக்கொள்ள. தச்சு வேலை செய்தவர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் தப்பித்தது. வருகிறவர்கள் பளபளவென்று இருந்தால் தேவாலயத்துக்கு இன்னும் நூறு வயதைக் கூட்டிவிடுவாள் என்று என்னிடம் கோள் சொல்வார். அவர் தேவாலயத்துக்குச் செய்த பெஞ்சில் உட்கார்ந்து கிழிந்த சேலைகளும் நூறு தேறும் என்று அடுப்படியிலிருந்து பதில் வரும்.

அந்தப் பெஞ்சில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டு வரவேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். சக்கர நாற்காலி வந்தது. வீட்டுப் படியில் சரிவுப் பலகை போட்டோம். வீட்டுக் கதவு நிலைகளையெல்லாம் அளந்தோம். தேவாலய வாசலை மட்டும் யாரும் அளக்கவில்லை. தினமும் திறந்து மூடுகிற வாசலை எவள் அளப்பாள்?

அங்கே பெரிய கதவுக்குள் ஒரு சின்னத் திட்டிவாசல் உண்டு. அன்றாடம் ஆட்கள் நுழைவது அதில்தான். பெரிய கதவு திறப்பது கல்யாண ஜோடிக்கும் சவப்பெட்டிக்கும் மட்டும். நாற்காலி திட்டிவாசலில் முட்டிக்கொண்டு நின்றது. தூக்கிப்போக அவர் எடையும் விடாது, எங்கள் முதுகுகளும் விடாது. பெரிய கதவைத் திற என்றேன்.

“அது எதுக்குத் திறக்கிற கதவுன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களாக்கா?”

அவர் சிரித்தார். “கல்யாணத்துக்கு இது வழியாத்தானே உன்னக் கூட்டிட்டுப் போனேன். இன்னொரு தடவையும் திறக்கத்தான் போற. அப்ப எனக்கு என்ன தெரியும்? இப்பவே திற.”

அவள் நாற்காலியைத் திருப்பிவிட்டாள். வீடு வரும்வரை அவர் பேசவில்லை. அந்த வாய் ஓய்ந்து அன்றுதான் பார்த்தேன்.

அதன்பிறகு வந்தவர்களிடம் தேவாலயத்தின் வயதை அவள் முந்நூறோடு நிறுத்திக்கொண்டாள். ஒருநாள் காலை அவருடைய தச்சுப் பெட்டியிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு போனவள், முழங்கைவரை துருக்கறையோடு திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து கூட்டம் கலைந்ததும் அவரைக் கூட்டிப்போகலாம், இப்போதே அவரிடம் உடைத்துவிடாதீர்கள் என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சனிக்கிழமை அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. இந்த மாதிரி மூச்சை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். சொல்லவேண்டியதை இப்போதே சொல்லிவிடு என்றேன். அவர் காதோடு குனிந்து சொன்னாள். கேட்டதா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. கேட்டிருக்கும் என்று ஆறுதலுக்குச் சொல்கிற பழக்கமும் எனக்கில்லை. விடிவதற்குள் போய்விட்டார்.

பெட்டி வந்தபோது பெரிய கதவை அவளே திறந்தாள். திறந்தால் தெருக்கோடிவரை கிறீச்சிடும் கதவு. அன்று துளிச் சத்தமில்லை. தூக்கி வந்தவர்களே ஒரு நிமிடம் தயங்கினார்கள்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அவர் உக்காந்து போறதுக்குத்தாங்க்கா எண்ணெய் போட்டேன்.”