இவனையும் கூட்டிக்கிட்டுப் போ

என் இடது கைக் கட்டைவிரல் முதன்முதலாகத் தானாகத் துடித்தது ஒரு மத்தியானம், ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தபோது. பிசைந்தது வலது கை. இடது கை மேசைமேல் சும்மா கிடந்தது. சும்மா கிடந்த கையின் கட்டைவிரல், யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல் டுக் டுக் என்று ஆடியது. நான் அதைப் பார்த்தேன், நின்றது. சோற்றைப் பார்த்தேன், மறுபடி ஆடியது.

முருகா என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு முடித்தேன். ஆனால் சாப்பிட்ட ருசி தெரியவில்லை.

நான் மலேசியாவில் கோலா பிலா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின் தூக்குகிறவன். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில் காலையிலிருந்து மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதனால் எனக்கு ஏதாவது தெரியவேண்டும் என்றால் கைத்தொலைபேசியிடம் வாயால்தான் கேட்பேன். அன்றைக்கும் கொல்லைப்பக்கம் போய் நின்று, “கட்டைவிரல் தானாகத் துடிக்குது” என்று மெதுவாகக் கேட்டேன்.

திரையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். மூளையிலிருந்து வருகிற நரம்பு பட்டுப்போகிற ஒரு வியாதியைப் பற்றிச் சிரித்த முகத்தோடு பேசினார். முதலில் சின்னதாகத் துடிக்குமாம், பிறகு பிடி தளருமாம், பிறகு கை, பிறகு கால். கடைசியில் அவருடைய சேனலை மறக்காமல் பின்தொடரச் சொன்னார். நான் மறக்கவில்லை. அதுவரைக்கும் என் தொலைபேசியில் கந்தசஷ்டிப் பாடலும் மீன் குழம்பு வைக்கும் முறையும்தான் வந்துகொண்டிருந்தன. அன்றிலிருந்து அதைத் திறந்தாலே ஒரு டாக்டர் நிற்பார். ஒருவர் போனால் அடுத்தவர் வருவார். எமனே ஆளாளாக அனுப்பிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

சாவுக்கு நான் அவ்வளவாகப் பயப்படுகிற ஆள் இல்லை. அது அம்மன் கணக்கு. என் பயம் வேறு. என் மனைவிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. தண்ணீர் வாளி தூக்குவதும், பாசாருக்கும் கோயிலுக்கும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவதும், குளியலறைப் படியில் கை கொடுப்பதும் நான்தான். அவளுக்குக் கால் என்றால் அது என் கைதான். அந்தக் கை விழுந்தால் இந்த வீட்டில் விழுவது இரண்டு பேர். அதனால்தான் அவளிடம் வாய் திறக்கவில்லை.

வாய் திறக்காமல் பரீட்சை வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொடுவேன். குதிகாலால் மட்டும் சமையலறையிலிருந்து வாசல்வரை நடப்பேன். ஒற்றைக் காலில் நிற்பேன். எல்லாம் அந்த வெள்ளைச் சட்டைக்காரர்கள் சொல்லிக் கொடுத்தவை. ஒருநாள் குதிகால் நடையில் பாதி வழி வந்தபோது மனைவி எதிரே வந்துவிட்டாள்.

“தீமிதிக்கு இன்னும் நாள் கெடக்கே. இப்பவே பழகறீங்களா?”

ஆமாம் என்றேன். அவளுக்குச் சந்தோஷம். நான் தீமிதிப்பதாக வேண்டியிருக்கிறேன் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டு, எனக்கு மீன் போடுவதை நிறுத்தி, விரதச் சாப்பாட்டுக்கு மாற்றிவிட்டாள். பயத்தோடு பசியும் சேர்ந்துகொண்டது.

பலம் குறைகிறதா என்று பார்க்க, கேஸ் தோங்கை, அந்த இரும்பு சிலிண்டரை, தினமும் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்தேன். அடியில் கூட்டிப் பெருக்க வசதியாக இருக்கிறது என்று அதையும் அவள் பாராட்டினாள். பாராட்டாதது ஒன்றைத்தான். பிடி தளர்கிறதா என்று தெரிந்துகொள்ள வீட்டில் மூடி போட்ட சாமான் எதைக் கண்டாலும் திறந்து, இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து இறுக்கி மூடுவேன். மைலோ டின், கடலை போத்தல், எலுமிச்சை ஊறுகாய் ஜாடி. சமைக்கிற நேரத்தில் அவளால் ஒன்றையும் திறக்க முடியாமல், சாமான்களுக்கெல்லாம் பேய் பிடித்துவிட்டது என்று முணுமுணுப்பாள்.

இவ்வளவு பரீட்சை வைத்தும் நான் தேறியபாடில்லை. கட்டைவிரல் துடிப்பு கண் இமைக்கு ஏறியது. கெண்டைக்கால் துடித்தது. முன்கை வலித்தது. படுத்தால் கை மரத்துப்போனது. தூக்கம் வராததால் விடியும் முன்பே எழுந்து, கட்டியாகக் காப்பி கலந்து குடித்துவிட்டு, கட்டைவிரலை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் மனசுக்குள் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்து, மனைவி சத்தம் போடாமல் அடுப்பு வேலை பார்ப்பாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுவிடலாம்தான். ஆனால் போனால் அவர்கள் சொல்லிவிடுவார்களே. போகாதவரைக்கும் வியாதிக்குப் பெயர் இல்லை. போ, போகாதே, போ, போகாதே என்று மெஷின் சத்தத்துக்குள் நானும் என் மனசும் ஒரு வாரம் முழுக்க வழக்காடினோம்.

அப்படி இருக்கும்போது எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பண்டாரம் திருவிழாவுக்குத்தான் வருவார். மற்ற வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு ஒரு முறை என்று நாங்களே விளக்கேற்றி, சுண்டல் செய்து, தீபாராதனை காட்டிவிடுவோம். மனைவியை மோட்டாரில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோய் இறக்கினேன். குளித்து ஈரவேட்டியோடு சூடத்தட்டைக் கையில் எடுத்தேன்.

பசி, தூக்கமின்மை, காப்பி, பயம். சூடம் பற்றிக்கொண்டதும் தட்டு நடுங்கியது. நடுக்கத்தை நிறுத்த நான் அழுத்திப் பிடிக்க, அது முழங்கைவரை ஏறியது. முழங்கையை உடம்போடு ஒட்டிவைக்க, உடம்பு ஆடியது. இதோ வந்துவிட்டது, அம்மன் முன்னாலேயே விழப்போகிறேன் என்று நினைத்தபோது முட்டியும் ஆட ஆரம்பித்தது.

கோயிலில் ஒருவன் சூடத்தட்டோடு ஆடினால் எங்கள் சனம் என்ன நினைக்கும்? யாரோ தட்டைப் பக்குவமாக வாங்கிக்கொண்டார்கள். யாரோ மஞ்சள் தண்ணீரைக் காலில் ஊற்றினார்கள். வேப்பிலை கைக்கு வந்தது. பெண்கள் “தாயே, தாயே” என்றார்கள். நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது எனக்கு எதிரே கைகூப்பி நின்றவர் என் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவிக்கு அண்ணன். எங்கள் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர். காலையில் பெரட்டில் ஆள் பெயர் கூப்பிடும்போது என் பெயருக்கு மட்டும் ஒரு கேலி சேர்க்காமல் விடமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை மரியாதையாக ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அவர் அன்றைக்குத் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னிடம் கேட்டார்.

“தாயே, ரெண்டு காலும் எரியுது. மரத்துப் போவுது. சிலிப்பர் கழண்டு விழுந்தாக்கூடத் தெரிய மாட்டேங்குது. யாரும் எதுவும் வச்சுட்டாங்களா தாயே? நான் என்ன செய்யணும்?”

சாமி வரவில்லை, எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் இரண்டு கண்ணுக்கும் சத்தியமாக அதுதான் என் எண்ணம். ஆனால் ஒரு வாரமாக மனசுக்குள் சுற்றிக்கொண்டிருந்த வார்த்தைதான் முந்திக்கொண்டு விழுந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போ. பயந்துகிட்டே கெடக்காதே.”

கோயிலில் ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள். எலுமிச்சம்பழம் கட்டு, ஆடு வெட்டு என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதுசு. மச்சான் ஓர் அடி கிட்ட வந்தார்.

“தனியாவா தாயே?”

அவருடைய குரலில் இருந்த பயம் எனக்குத் தெரிந்த பயம். என்னுடையதேதான் அது, அவர் வாயில் இருந்தது. சாமி ஏறியவர்கள் தன் உடம்பை வேறு ஆள்போல் அவன், இவன் என்றுதான் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து கேட்டது. அது எனக்குள் எங்கே இருந்ததோ, கை தானாக என் நெஞ்சைத் தட்டியது.

“இவனையும் கூட்டிக்கிட்டுப் போ.”

அதற்குப் பிறகு யாரோ நெற்றியில் திருநீறு பூச, நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த வார்த்தையைச் சொன்னது நானா, வேறு யாராவதா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெளிவில்லை. அம்மன் வரவில்லை என்று சொல்ல நான் யார்? வந்தாள் என்று சொல்லவும் நான் யார்?

மறுவாரம் மச்சான் தன் பழைய காரில் வந்து நின்றார். முன்கதவை அவரே திறந்துவிட்டார். “ஏறு மாப்ள” என்று சொல்லிவிட்டு உடனே திருத்திக்கொண்டு “ஏறுங்க” என்றார். பிலா போய்ச் சேரும்வரை ஒரு கேலி இல்லை. ஒரு திருப்பத்தில் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“எறங்கிடுச்சா, இன்னும் இருக்கா? பேசறதுக்குப் பயமா இருக்கு லா.”

இறங்கிவிட்டது மச்சான் என்றேன். அதன்பிறகுதான் அவர் ரேடியோவைப் போட்டார்.

கிளினிக்கில் மலாய்க்காரப் பெண் டாக்டர் ஒருவர், எனக்கு மகள் வயதிருக்கும், மாமா என்பதுபோல் பாக்சிக் என்று மரியாதையாகக் கூப்பிட்டு எங்களை உட்காரவைத்தார். எதற்கு வந்தீர்கள் என்றதும் மச்சான் ஒளிக்காமல் மலாயில் நடந்ததைச் சொல்லிவிட்டார். யார் அனுப்பியிருந்தாலும் வந்தது நல்லது என்று அந்தப் பெண் சொன்னார். சிரிக்கவில்லை.

முதலில் மச்சான். ஊசியால் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். இனிப்பு நீர் வியாதி, சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பாதத்தில் மெல்லிய நைலான் இழை போன்ற ஒன்றால் தொட்டுத் தொட்டுக் கேட்டபோது பாதி இடத்தில் மச்சானுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் புண் வந்து விரல் போயிருக்கும் என்றார் டாக்டர். மண்டோர் சின்னப் பிள்ளை மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்து நான். ரப்பர் சுத்தியலால் முட்டியைத் தட்டினார். கால் துள்ளியது. மூக்கைத் தொடச் சொன்னார். குதிகாலால் நடக்கச் சொன்னார். எனக்கு அதில்தான் பழக்கம் அதிகமாயிற்றே. அந்தச் சின்ன அறையில் நான் குதிகாலில் போய்த் திரும்பி வந்த அழகைப் பார்த்து, இதற்கு முன்னால் யார் பாக்சிக்கைச் சோதித்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். எத்தனை தடவை என்றார். விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். கடைசியாகத் தன் இரண்டு விரலை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். போதும் பாக்சிக், விடுங்கள் என்று அவசரமாகச் சொன்னார்.

நரம்பில் ஒரு குறையும் தெரியவில்லை என்றார். நாள் முழுக்க மெஷின் அதிர்வு கையில் ஏறுகிறது. அதற்குக் கனமான கையுறை போட்டு, நடுநடுவே இறக்கிவைக்க வேண்டும். தூக்கம் இல்லை, காப்பி அதிகம். இதற்கு மேல், பலம் இருக்கிறதா இருக்கிறதா என்று பாக்சிக் கேட்டுக் கேட்டு அந்தத் தசைகளைக் களைப்பாக்கிவிட்டீர்கள். வலிப்பது அதனால்தான், துடிப்பதும் பெரும்பாலும் அதனால்தான். உண்மையாகவே பிடி தளர்ந்தால், சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனால், பொருள் கைநழுவினால், உடனே வாருங்கள். அதுவரைக்கும் சோதனை வேண்டாம், அந்த வீடியோக்களும் வேண்டாம். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

வெளியே வந்து கார் நிழலில் நின்று, தோட்டத்துத் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். மச்சானும் கும்பிட்டார். அவர் கும்பிட்டது என்னையா, திசையையா என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விரல், வீடியோ, மூக்கு, குதிகால், தீமிதி வேண்டுதல் ஒன்றும் இல்லை என்பதுவரை. அவள் தேய்ந்த முட்டியைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

“எங்கிட்ட சொல்லப் பயம். ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போகப் பயம். ஆத்தாளுக்கு உங்களத் தெரிஞ்சிருக்கு, அதான் தொணைக்கு ஆள் பிடிச்சுக் குடுத்திருக்கா” என்றாள். பிறகு, “நீங்க விழுந்தா நான் தூக்க மாட்டேன்னு நெனச்சீங்களா?” என்று கேட்டாள். எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் வாளி நிரப்பினேன்.

அன்றைக்குச் சாயந்திரம் மீன் பொரித்தாள். மச்சானும் இருந்தார். சோறு கொஞ்சமாக வையம்மா என்று தங்கையிடம் அவரே சொல்லிக்கொண்டார். அவள் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை என்னிடம் நீட்டித் திறந்து தரச் சொன்னாள்.

திருகினேன். அசையவில்லை. துண்டைப் போட்டுத் திருகினேன். அசையவில்லை. பிடி தளர்ந்தால் உடனே வரச் சொன்னாரே டாக்டர். மத்தியானம் நன்றாக இருந்த கை சாயந்திரத்துக்குள் போய்விட்டதா? கட்டைவிரல் வேறு நேரம் பார்த்து டுக் என்றது.

மச்சான் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜாடியைப் பிடுங்கிக்கொண்டார். செம்பனைக் குலை அறுத்துக் காய்த்த கை அவருடையது. தொடைக்கு நடுவில் வைத்துப் பல்லைக் கடித்துத் திருகினார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர, மூடி அப்படியே இருந்தது. மூச்சு வாங்க ஜாடியை மேசைமேல் வைத்தார்.

“யாரு லா இத இப்படி எறுக்கி மூடினது?”

என் மனைவி மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“சாமிதான் அண்ணே.”

நான் இடது கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய், வலது கையால் சோற்றைப் பிசைந்தேன். ஊறுகாய் இல்லாமலே அன்றைக்கு ருசியாக இருந்தது.