பெல்ட் கத்திய ஞாயிறு

மார்கழி மாசத்தில் பனி வயலைவிட்டு எழுந்து எங்கள் வாசல்வரைக்கும் வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பனிக்குள்ளே, ஒரு பழைய டீசல் வண்டியின் டிரைவர் சீட்டில், நைட்டிக்கு மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். சாவியைப் பாதி திருப்ப வேண்டும். டேஷ்போர்டில் சின்னதாக ஒரு ஆரஞ்சு விளக்கு எரியும். எஞ்சினுக்குள்ளே ஹீட்டர் சூடாகிறதாம். அது அணைகிறவரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பிலேயே எனக்குப் பாதித் தூக்கம் வந்துவிடும். வயலுக்கு அந்தப் பக்கம் ஆரம்பாக்கத்துக்குப் போகிற ரயில் தண்ணிக்குள்ளே போவது போலப் போகும். பனி எது, கம்பெனிப் புகை எது என்று தெரியாது. விளக்கு அணைந்ததும் முழுசாகத் திருப்புவேன். வண்டி இருமும், உதறும், அப்புறம் போனால் போகிறது என்று ஓட ஆரம்பிக்கும்.

எதிரே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவர் என் வீட்டுக்காரர். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் ஷிப்ட் வேலை. ஒரு காண்ட்ராக்டர் கழித்துவிட்ட வண்டியை வாங்கி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். எட்டுப் பேர் உட்காரலாம். வீட்டில் இருப்பது ரெண்டே பேர். மெக்கானிக் கைபடக் கூடாது, எல்லாம் தானே செய்ய வேண்டும் என்று ஒரு பிடிவாதம். வாரம் பூராவும் மில், ஞாயிறு வந்தால் வண்டி. நடுவில் நான் எங்கே போவது?

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் ஓயாது. பொன்னேரியில் எங்கள் அம்மா வீட்டில் என்னை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதுசில் இந்த மனுஷன் அந்த ரேடியோவை ராத்திரியெல்லாம் கேட்டவர். சிரித்துச் சிரித்துக் கேட்டவர். அப்புறம் என்ன ஆச்சோ, கொஞ்சம் கொஞ்சமாக அவர் எங்கேயோ போய்விட்டார். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கதை சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து வண்டிக்கடியில் புகுந்துகொள்வார். ஆனால் அந்த வண்டி லேசாக ஒரு தட்டு தட்டினால் போதும். "கேட்டியா? அடியில டொக்கு டொக்குனு இன்னாமோ வருது பாரு" என்பார். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அதற்குச் செய்த அலங்காரம் கொஞ்சமா? இருக்கிற கண்ணாடி பத்தாது என்று முன்பக்கம் ரெண்டு உருண்டைக் கண்ணாடி மாட்டினார். உள்ளே நீளமாக இன்னொன்று. ஹாரன் சரியில்லை என்று லாரி ஹாரன் வைத்தார். இண்டிகேட்டரின் டிக்டிக் சத்தம் பத்தாதென்று, அதைப் போட்டால் மினுக்குவதற்கு ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே ஒரு சிவப்பு பல்பு. "இன்னாய்யா இது, தேர் ஜோடிக்கிறியா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பல்பைத் துடைத்தார்.

பிரேக்கில் காத்து எடுக்கிற அன்றைக்கு வந்ததே ஒரு சண்டை! நான் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். மிதித்துப் பிடித்ததும் அவர் கீழே ஒரு திருகைத் தளர்த்துவார். காத்து வெளியே போகும், அவர் இறுக்குவார், நான் காலை எடுப்பேன். அவர் மட்கார்டை ஒரு தட்டு தட்டினால் மிதி, ரெண்டு தட்டினால் விடு. எனக்குக் கால் வழுக்கிவிட்டது. "இருய்யா இருய்யா, தெறக்காதே" என்று கத்தினேன். அவர் பாட்டுக்குத் திறந்துவிட்டார். காத்து திரும்ப உள்ளே போய்விட்டது. முதலிலிருந்து ஆரம்பி! "நான் மனுஷிதானா, இல்ல உனுக்கு ஜாக்கியா?" என்று கத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயந்திரம் சமாதானத்துக்காகப் புதுவாயலுக்கு டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். வயல்களுக்கு நடுவில் அந்த வண்டியில் போவது தொட்டிலில் போவது மாதிரி, அதை மட்டும் நான் மறுக்க மாட்டேன். டீக்கடையில் நின்றபோது ஹைவேக்கு அந்தப் பக்கம் அவரோடு வேலை செய்கிறவர் ஒருவர் நின்றிருந்தார். ரெண்டு பேரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். மில்லில் இரும்புச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாதாம், எல்லாருக்கும் கைப்பேச்சுதான் பழக்கமாம். இவர் மேலே விரலைச் சுற்றினார், நெஞ்சில் தட்டினார், அந்த ஆள் குலுங்கிச் சிரித்தார். நடுவில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன, அவர்கள் பேச்சு அறுபடவே இல்லை. சாயங்கால வெயிலில் அது பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. ரோட்டைத் தாண்டி ஒருத்தரோடு இத்தனை பேச்சு, பக்கத்தில் நிற்கிற என்னோடு ஒன்றுமில்லை.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். அடுத்த சனிக்கிழமை, சோறு வடித்துக்கொண்டே, அடுப்பைப் பார்த்தபடி சொல்லியும் விட்டேன். "நாளைக்கு நான் பொன்னேரிக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன். உனுக்கு நான் வேணான்னு எனுக்குத் தெரிஞ்சுபோச்சு." முதுகுக்குப் பின்னால் அவர் ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அடுப்பைப் பார்த்தபடியே நின்றேன். வேணாம்மே, போகாதே என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். துடைத்து முடித்துவிட்டு, "சோறு ஆச்சா?" என்றார்.

அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன். பையில் துணியை அடுக்கிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலையில் அவர் ஃபேன் பெல்ட்டை மாற்றினார். பழசை அறுத்துப் போட்டுவிட்டுப் புதுசை மாட்டினார். "வாமே, ஒரு தபா ஸ்டார்ட் பண்ணு" என்று கை காட்டினார். கடைசித் தடவைதானே என்று போய் உட்கார்ந்தேன். ஆரஞ்சு விளக்கு அணைந்தது. சாவியைத் திருப்பினேன்.

அய்யோ, அந்தச் சத்தம்! பெல்ட் லூசாக இருந்திருக்கிறது. கழுத்தைப் பிடித்த கோழி மாதிரி ஒரு கீச்சல். எதிர்வீட்டு அம்மா வெளியே ஓடிவந்தாள். நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு வயலில் இறங்கி ஓடியது. நான் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அவர் திறந்த பானெட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, எஞ்சினைப் பார்த்தபடி, பச்சைக்குழந்தை தூங்குவதைப் பார்க்கிற மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார். "பாத்தியா? இன்னா ஸ்மூத்தா ஓடுது!" என்றார்.

முதலில் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். அந்த முகத்தில் கிண்டல் இல்லை. எஞ்சினை அணைத்தேன். இறங்கி அவருக்குப் பின்னால் போய் நின்று கூப்பிட்டேன். இன்னும் கிட்டே போய்க் கத்தினேன். எதிர்வீட்டு அம்மா திரும்பினாள். அவர் திரும்பவில்லை. அவ்வளவு கண்ணாடியும் அந்தச் சிவப்பு பல்பும் எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தோளைப் பிடித்துத் திருப்பினேன். "காது கேக்கலியாய்யா உனுக்கு?"

என் வாயையே பார்த்தார். தப்பிக்க வழி தேடுகிற மாதிரி வண்டியைப் பார்த்தார். "எஞ்சின் கேக்குது. லாரி கேக்குது. டொம்முனு வர்றது எல்லாம் கேக்குது. சன்னமா வர்றதுதான் போயிடுச்சு," என்றார். அப்புறம் சொன்னார், "உன் கொரல்தான்மே மொதல்ல போச்சு."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பேசறத நிறுத்திடுவே. நீ பேசிக்கினே இருந்தா, நான் பாத்துக்கினாவது இருப்பேன்."

நான் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார், கிரீஸ் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். கொஞ்சம் அடங்கியதும், "நேத்து நான் இன்னா சொன்னேன், தெரியுமா?" என்று கேட்டேன்.

"நேத்தா? அடுப்பாண்ட நின்னுக்கினு இன்னாமோ சொன்னே. இன்னா அது?"

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "புளி தீந்துபோச்சுன்னு சொன்னேன்," என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். மொதல்ல போய் பெல்ட்ட டைட் பண்ணு. ஊரே கூடிடுச்சு."

பெல்ட் சுற்றுகிற டைனமோவைக் கம்பியால் நெம்பி, பெல்ட்டை இறுக்கினார். நான் ஸ்டார்ட் பண்ணினேன். அவர் பெல்ட்டைப் பார்க்கவில்லை, பானெட் ஓரமாகத் தலையை நீட்டி, முன்கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினேன், இன்னும் கத்துகிறது. அணைத்தேன். மறுபடி இறுக்கினார், மறுபடி திருப்பினேன். பனி கலைந்து வயல் பச்சையாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் கீச்சல் இல்லை. அவர் கம்பியும் கையுமாக, பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பையன் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாயைப் பெரிதாகத் திறந்து, மெதுவாக, "நின்னுடுச்சு" என்றேன்.