இடி என்றால் வை

மாலை 5.10. பால் பாக்கெட்டோடு கேட்டைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது, மாடிப்படியில் கழற்றிப் போட்டிருந்த ஒரு ஜோடி சேஃப்டி ஷூ. அதற்கு மேல்படியில் முத்துச்செல்வி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை அப்படியே தொங்கியது.

முத்துச்செல்வி எங்கள் காம்பவுண்டில் மாடி போர்ஷன். சாத்தூர்க்காரி. ஓசூரில் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறாள். கணவருக்கும் கம்பெனி வேலைதான். இருவருக்கும் ஒரே வாரத்தில் நைட் ஷிஃப்ட் விழுந்தால், இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் கீழே ஹவுஸ் ஓனர் ராஜம்மா வீட்டில் தூங்கும். அம்மா எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டே தூங்கும்.

அதனால்தான் அவளுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. கர்நாடக பார்டர் தாண்டி, அத்திபெலே பக்கம் கம்பெனிக்கு இன்னொரு யூனிட் இருக்கிறது. அங்கே புதிதாகச் சேருகிறவர்களுக்கு மிஷின் பழக்கும் டிரெய்னர் வேலை. நைட் ஷிஃப்ட் கிடையாது. ஒரே நிபந்தனை — கன்னடம் பேச வேண்டும்.

தானே கற்றுக்கொள்வது என்று இறங்கினாள். முதலில் செல்போன் வீடியோ. 'இது யானை, அது மரம்' என்று போனது பாடம். "எங்க பிரஸ் ஷாப்ல யானை எங்கக்கா நிக்குது?" என்று மூடி வைத்துவிட்டாள். பிறகு சொந்தமாக ஒரு வழி கண்டுபிடித்தாள். மகளை அழைத்துவரப் போகும்போதெல்லாம் ராஜம்மா வீட்டில் அவர்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்பாள். கேட்டதைத் திருப்பிச் சொல்வாள். தப்பாகச் சொன்னால் அந்த வீடே சிரிக்கும். மறுபடி சொல்வாள்.

அன்றைக்குத்தான் டெஸ்ட்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"அல்வான்னுட்டாருக்கா."

"யாரு?"

"மேனேஜரு. மிஷின்ல ரெண்டு கையையும் பட்டன் மேல வைக்கணும்னு இந்தப் பிள்ளைகளுக்குக் கன்னடத்துல சொல்லுன்னாரு. நல்லா சத்தமாச் சொன்னேன். பிள்ளைக எல்லாம் சிரிச்சிருச்சு. அவரு 'தெலுகு அல்வா?'ங்காரு. நான் என்னமோ அல்வா குடுத்த மாதிரி..."

கன்னடத்தில் 'அல்வா' என்றால் 'அல்லவா'. அவர் கேட்டது — இது தெலுங்கு அல்லவா?

"நீ என்ன சொன்னே?"

"ரெண்டு சேதுலு பட்டன் மீத பெட்டண்டி."

சுத்தமான தெலுங்கு. உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

சத்தம் கேட்டு ராஜம்மா வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஏம்மா, எங்கூட்ல பேசறது தெலுங்கு இல்லையா? கன்னடம் வெளிய போனாத்தான். நீ தெலுங்கு மேல ஆசப்பட்டு கத்துக்கறேன்னு இல்ல நெனச்சுட்டிருந்தேன்!"

"ஓசூர்னா கன்னடம்னுதான எங்க ஊர்ல சொன்னாக..."

"எந்த வூட்லன்னு கேட்டுக்கினு வந்திருக்கணும்."

நானும் தினமும் காதில் வாங்கியவள்தான். கன்னடத்தை வேறெங்கோ படிக்கிறாள், இது ஆசைக்கு என்று ராஜம்மா நினைத்ததையே நானும் நினைத்தேன்.

சரி, வேறு யாருமா கண்டுபிடிக்கவில்லை? அவள் ஒத்திகைகூடப் பார்த்திருக்கிறாள். உழவர் சந்தையில், பக்கத்து ஊர் பேரிகையிலிருந்து தக்காளி கொண்டுவரும் ஓர் அம்மாவிடம் பேசிப் பார்த்தாளாம். அந்த அம்மா தயங்காமல் அதே மொழியில் பதில் சொன்னாராம். பாஸாகிவிட்டோம் என்று இவள் சந்தோஷமாகத் திரும்பியிருக்கிறாள். ஓசூரின் மரியாதை அது. நீங்கள் எந்த மொழியில் ஆரம்பிக்கிறீர்களோ, அதிலேயே பதில் வரும். இது என்ன மொழி என்று யாரும் உங்களைத் திருத்திக்கொண்டிருக்க மாட்டார்கள்.

தானாகப் படிப்பதில் எத்தனையோ வசதி. நேரம் நம்முடையது, வேகம் நம்முடையது, ஃபெயிலாக்க ஆள் இல்லை. ஆனால் கல்லூரியில் வகுப்பு மாறி உட்கார்ந்தால் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதாவது தெரிந்துவிடும் — நம் பெயரைக் கூப்பிட மாட்டார்கள். இங்கே யார் கூப்பிடுவது? தவறான வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும்வரை உட்கார்ந்திருக்கலாம்.

"அதைக் கன்னடத்துல எப்படிச் சொல்லணும்?" என்று ராஜம்மாவிடம் கேட்டாள்.

"எரடூ கை பட்டன் மேலெ இடி."

முத்துச்செல்வி தன் இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தாள். "கைக்குக் கைதானா? மேலுக்கும் மேலுதானா?"

"ஆமா."

"அப்ப நான் தமிழ்லயே சொல்லியிருந்தா பாதி பாஸா?"

கஷ்டப்பட்டு 'கை'யை மறந்து 'சேதுலு'வை மனப்பாடம் செய்திருந்தாள்.

அதைவிட அவளை உறுத்தியது கடைசி வார்த்தை. 'இடி' என்றால் 'வையுங்கள்'. "பிரஸ் மிஷின்ல நிக்கிற பிள்ளைக கிட்டப் போயி கை மேல இடின்னு எப்படிக்கா வாய் வந்து சொல்றது? நசுங்கிரும்லா!" மிஷினில் இரண்டு பட்டன் வைத்திருப்பதே, ஒரு கைகூட அடியில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான்.

மறுநாளே ராஜம்மா சட்டம் போட்டுவிட்டார். "இனிமே உங்கிட்ட கன்னடம்தான். தெலுங்கு வாயில வந்துச்சு, காபி கெடையாது." முத்துச்செல்வியும் ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டாள். புதிதாக ஒரு வார்த்தை காதில் விழுந்தால், அர்த்தம் கேட்பதற்கு முன்னால் அது எந்த மொழி என்று கேட்பாள். தக்காளிக்கார அம்மாவிடமும் கேட்டாளாம். அந்த அம்மா யோசித்துவிட்டு, "அதெல்லாம் பாத்தா யாவாரம் ஆகுமாம்மா?" என்றாராம்.

அடுத்த மாதம் மறுபடி டெஸ்ட் வைத்தார்கள். 'இடி' என்று சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியதாம். மேனேஜர் தலையசைத்தார். ஆர்டர் வந்தது.

மகள் இப்போது தினமும் மாடியில்தான் தூங்குகிறது.

போன திங்கட்கிழமை முத்துச்செல்வியிடம் மிஷின் பழக முதல் பேட்ச் வந்து சேர்ந்தது. அத்தனை பேரும் ஒடிசாக்காரர்கள்.