அடைத்துவைத்த காற்றுத் துவாரம்

கருவாட்டைக் காயவைப்பது வெயிலா, காற்றா? இன்னும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கொழும்புத்துறையில் கணவர் பிடித்துவரும் மீனைப் பொலித்தீன் கூடாரத்துக்குள் வெயிற்சூட்டில் உலர்த்துகிறேன். மானிப்பாய்க் கடைக்காரர் ஒருவர் முதன்முறையாகக் கருவாடு கேட்டிருந்தார். என் குழந்தையும் சாப்பிடும் பண்டமாயிற்றே, ஈ புகுந்துவிடுமோ என்று பயந்து, கூடாரத்தின் காற்றுத் துவாரங்களைத் துணியால் அடைத்துவிட்டேன். பின்னேரம் திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. மீன் வெந்து உதிர்ந்தது.

மாமியார் சிரித்தார். "பிள்ளை, கடைக்காரன் கருவாடெல்லோ கேட்டவன்? நீ மீனைப் புட்டு மாதிரி அவிச்சு வைச்சிருக்கிறாய்!"

"நாளைக்கும் போடுவன் மாமி," என்றேன். கடைக்காரரும் பொறுத்தார்.

இப்போது துவாரங்களைத் திறந்துவிட்டு, ஈ புகாமல் நுளம்பு வலை கட்டுகிறேன். கருவாடு நன்றாகக் காய்கிறது. ஆனால் மாரி வரப்போகிறது. வெயிலில்லாத அந்த நாள்களில், விறகு எரிக்காமல் மீனை உலர்த்திச் சமாளித்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.